ஊர்களுக்கு நடுவே நிதானமாக மூன்று நாள் சைக்கிள் பயணம்: பாதையை எப்படி முடிவு செய்வது?

வாய்க்கால்கரை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. நானும் என் தங்கையும் மூன்று நாள் சைக்கிளில் கிளம்பலாம் என்று இருக்கிறோம். யாரோடும் போட்டி கிடையாது. பெரிய சாலையில் ஏறாமல், ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு வயலுக்கும் தோப்புக்கும் இடையில் போகிற சின்னச் சாலைகளில், வேடிக்கை பார்த்துக்கொண்டே போக வேண்டும். ரொம்ப நாள் ஆசை.

இரண்டு பேரிடமும் இருப்பது 7 கியர் சைக்கிள். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரம் ஒன்றுதான், 42 பல். பின்னால் உள்ளவற்றில் பெரியது 28 பல். டயர் 35 மி.மீ. அகலம். வார இறுதியில் 25 கி.மீ. வரை சிரமமில்லாமல் ஓட்டுகிறோம். அதற்கு மேல் போய்ப் பார்த்ததில்லை.

எனக்குப் பெரிய சிக்கல் பாதைதான். கைப்பேசி வரைபடத்தில் இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் நேராக நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடுகிறது. நடந்து போகும் வழி என்று மாற்றினால் யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குள் நுழையச் சொல்கிறது. வண்டி குறைவாகவும் இருக்க வேண்டும், சைக்கிள் ஓடும்படியும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சாலையை வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க வழி உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம்? சாமான் எவ்வளவு எடுக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுந்தூரன் எழுதியது:

25 சுலபமாக ஓட்டுகிறீர்கள் என்றால் நாளைக்கு 60, 70 தாராளமாகப் போகலாம். காலையில் 40, சாயங்காலம் 30 என்று பிரித்துக்கொள்ளுங்கள். பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். டியூப் ஒன்று கூடுதலாக வையுங்கள். நெடுஞ்சாலையின் ஓரப்பட்டை அகலமாக இருந்தால் அங்கேயும் பயமில்லை, நேரம் மிச்சமாகும். வாழ்த்துகள்.

சமவுயரக்கோடு எழுதியது:

நெடுந்தூரன் சொல்வது அவர் ஓட்டும் ஓட்டத்துக்குச் சரியாக இருக்கும். நீங்கள் கேட்பது வேறு மாதிரிப் பயணம். அந்த மாதிரிப் பயணம்தான் எங்களுக்குப் பழக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மனைவியும் நானும் தட்பவெப்பம் ஒத்துவரும் மாதங்களில் இப்படித்தான் சுற்றுகிறோம். கிளம்புவதற்கு முன் வரைபடத்தோடு உட்காரும் நாட்கள் எனக்குப் பயணத்துக்குச் சமமான சந்தோஷம். அதனால் முதலில் பாதை.

எல்லோரும் கிளம்பும் ஊரையும் சேரும் ஊரையும் குறித்துவிட்டு நடுவில் கோடு போடப் பார்ப்பார்கள். நான் முதலில் பாலங்களைக் குறிப்பேன். சின்னச் சாலைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கும், ஆனால் ஆறு குறுக்கே வந்ததும் அவை எல்லாம் ஒரு பாலத்தைத் தேடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். அந்தப் பாலத்தில்தான் லாரியும் பேருந்தும் வரும். ரயில் பாதையும் அப்படியே. நடுவில் தடுப்புச் சுவர் வைத்த நெடுஞ்சாலையும் அப்படியே. அதைக் கடக்கச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ இருக்கும் இடம் தெரியாமல் போனால், எதிர்ப் பக்கத்து ஊர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் போய்ச் சேர நாலு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஆறு, ரயில், நெடுஞ்சாலை மூன்றையும் எங்கே கடக்க முடியும் என்று முதலில் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களில் சிறியதாக, ஓரமாக, யாருக்கும் அவசியப்படாததாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை இணைத்தால் பாதை தானாக அமைந்துவிடும்.

அடுத்தது, ஒரு சாலை யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கிராமத்தை மட்டும் இணைத்துவிட்டு அதோடு முடிகிற சாலையில் அந்த இரண்டு ஊர்க்காரர்கள்தான் போவார்கள். அதே அகலமுள்ள இன்னொரு சாலை, இரண்டு நெடுஞ்சாலைகளுக்கு நடுவே முக்கோணத்தின் மூன்றாவது பக்கம்போல் குறுக்காகப் போனால் அதை விட்டுவிடுங்கள். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சுற்று மிச்சம் என்று எல்லா வண்டியும் அதில்தான் புகும். இப்போது கைப்பேசி வரைபடமே கார்க்காரர்களை அந்த வழியில் அனுப்பிவிடுகிறது.

நல்ல சாலை கிடைக்கும் இடம் ஒன்று சொல்கிறேன். புதிதாக அகலச் சாலை நேராகப் போட்ட இடங்களில், பழைய சாலை பக்கத்திலேயே வளைந்து வளைந்து கிடக்கும். தார் போட்டிருப்பார்கள், மரங்கள் பழையவையாக நிற்கும், பழைய கிராமங்கள் எல்லாம் அதன்மேல்தான் இருக்கும். வண்டிகள் மட்டும் புதிய சாலைக்குப் போயிருக்கும். இந்த மாதிரித் துண்டுகள் எனக்கு மிகப் பிடிக்கும். தேடித் தேடிச் சேர்த்துக்கொள்வேன்.

ஆற்றோரம், வாய்க்கால் கரை, கைவிடப்பட்ட ரயில் தடம் மூன்றும் காலுக்கு இதம். தண்ணீர் மேடேறாது, அதனால் அதை ஒட்டிய பாதையும் பெரிதாக ஏறாது. ரயிலும் செங்குத்தாக ஏற முடியாது, பழைய தடங்களைப் பாதையாக மாற்றிய இடங்களில் சரிவு பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஆற்றைக் குறுக்கே கடந்துகொண்டே போகிற பாதைதான் இறங்கி ஏறி, இறங்கி ஏறிக் களைப்பாக்கிவிடும். வரைபடத்தில் சமவுயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பாருங்கள். 20 மீட்டருக்கு ஒரு கோடு போட்ட வரைபடத்தில், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் உங்கள் சாலை ஒரே ஒரு கோட்டைத் தாண்டினால் அது 2 சதவீத ஏற்றம், பேசிக்கொண்டே ஏறலாம். மூன்று கோடு தாண்டினால் 6 சதவீதம். சாமானோடு அது உடம்பைப் பிழியும். இந்தக் கணக்கை ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தால் மூன்று நாள் முட்டி வலியைத் தவிர்க்கலாம்.

எந்த வரைபடம் என்று கேட்பீர்கள். நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பார்க்கிறேன். 2004இல் ஆரம்பித்தது, தன்னார்வலர்கள் வரைவது. பெரிய சாலைகள் நிறத்தில் இருக்கும், சிறு சாலைகள் வெள்ளைக் கோடு, மண்தடங்கள் பழுப்பு நிற விட்டுவிட்ட கோடு. வெள்ளைக் கோடுகளில் மெல்லியவைதான் உங்களுக்கு வேண்டியவை. அப்புறம் அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தார் சாம்பல் நிறத்தில் ஒரே சீராகத் தெரியும். செம்மண்ணோ சரளையோ என்றால் நடுவில் புல் வளர்ந்து இரண்டு சக்கரத்தடமாகத் தெரியும். சாலையில் நிற்கும் காரையோ டிராக்டரையோ வைத்து அகலமும் கணிக்கலாம். உங்கள் 35 மி.மீ. டயருக்கு உலர்ந்த மண்தடம் ஒன்றும் செய்யாது. மழை பெய்திருந்தால் மட்டும் களிமண் மட்கார்டுக்குள் போய் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

பாதை முடிவானதும் நான் செய்வது ஒன்று உண்டு. திரும்ப வேண்டிய சந்திப்புகளுக்கு எண் போட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வேன். இந்த யோசனை பெல்ஜியத்திலிருந்து எடுத்தது. அங்கே லிம்பர்க் மாகாணத்தில் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1990களில் சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கு எண் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சாலையின் பெயர், ஊரின் பெயர் எதுவும் வேண்டாம், 14இலிருந்து 22, அங்கிருந்து 37 என்று எண்ணைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்கப் போகலாம். நெதர்லாந்திலும் அது பரவிவிட்டது. நம் பாதையில் எண் பலகை இல்லாவிட்டாலும் தாளில் இருந்தால் போதும். கைப்பேசியை ஒவ்வொரு முக்குக்கும் எடுத்துப் பார்க்க வேண்டாம், மின்கலமும் தீராது, கண்ணும் வயலின் மேல் இருக்கும்.

தூரம். 25 சுலபம் என்றால் முதல் நாள் 30, இரண்டாம் நாள் 35 அல்லது 40, மூன்றாம் நாள் மறுபடி 30. அதிகம் வைக்காதீர்கள். நின்று நின்று போகும்போது, நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு 10 கி.மீ.தான் வரும். அதை 15 ஆக்க வேண்டும் என்று நினைத்தால் நிற்பதைத்தான் குறைக்க வேண்டும். நீங்கள் போவதே நிற்பதற்காக. கிணற்றடியில் பேச்சு, கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ அதன் முகப்பில் கொஞ்ச நேரம், யாரோ நெல்லோ கோதுமையோ காயப்போட்டிருப்பதைப் பார்ப்பது. இதற்கெல்லாம் நேரம் மிச்சம் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வேகத்துக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். காற்றைத் தள்ளுவதற்குச் செலவாகும் சக்தி, வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காகிறது. 15இல் போகிறவர் 25க்கு முறுக்கினால், காற்றுக்காக மட்டும் நாலரை மடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். 15இல் போனால் பக்கத்தில் வருபவரோடு பேசலாம், பறவைச் சத்தம் கேட்கும், பின்னால் வண்டி வருவதும் காதுக்குத் தெரியும்.

எதிர்காற்றை மட்டும் லேசாக நினைக்க வேண்டாம். நீங்கள் 15இல் போக, காற்றும் எதிரே 15இல் வீசினால், உடம்பின் மேல் வரும் தடை நாலு மடங்கு. நிலப்பகுதியில் காற்று விடியற்காலை அடங்கியிருக்கும், வெயில் ஏறத் தரை சூடாகி மத்தியானம்தான் பலமாக அடிக்கும். காற்றுக்கு எதிரே போக வேண்டிய துண்டை விடியலிலும், முதுகில் காற்று வாங்கும் துண்டைப் பிற்பகலிலும் வைக்க முடிந்தால் வையுங்கள். அதே நேரத்தில் சூரியனையும் பாருங்கள். தாழ்ந்த சூரியனை நோக்கி நீங்கள் ஓட்டினால், பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அதே கூச்சம், நீங்கள் அவர் கண்ணில் படமாட்டீர்கள். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே போகும்படி அமைந்தால் நல்லது. எல்லாமே சேர்ந்து அமையாது. காற்றா சூரியனா என்று வந்தால் நான் சூரியனைத்தான் பார்ப்பேன், காற்று களைப்பைத்தான் தரும்.

சாமான் ஆளுக்கு 8, 10 கிலோவுக்குள் நிற்கட்டும். முதுகில் பையே வேண்டாம், தோளும் இடுப்பும் போய்விடும். பின் கேரியரில் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் கனமானவை அடியில், சக்கர அச்சுக்கு அருகில். வாரின் நுனி தொங்கி ஸ்போக்கில் சிக்காமல் மடித்துக் கட்டுங்கள். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள், இடித்தால் பையைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

வழி கேட்பதைப் பற்றி ஒன்று. இது என் மனைவியின் பாடம். "இந்த ரோடு அந்த ஊருக்குப் போகுமா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், மறுக்க மனம் வராது. "அந்த ஊருக்கு நீங்கள் எப்படிப் போவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் தினமும் போகும் வழி வரும், வழியில் பாலம் உடைந்திருந்தால் அதுவும் வரும். தூரம் கேட்டால் பக்கம்தான் என்பார்கள், அது மோட்டார் சைக்கிள் கணக்கு.

ஒட்டுப்பெட்டி எழுதியது:

சமவுயரக்கோடு ஐயா பாதையைச் சொல்லிவிட்டார். நான் சைக்கிள் பழுது பார்க்கிறவன், வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கியர் சமதரைக்குப் போதும், ஏற்றத்துக்குக் கஷ்டம். முன்னால் 42, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்கு வண்டி 3 மீட்டருக்கு மேல் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 11 கி.மீ. ஆகிவிடுகிறது. 6 சதவீத ஏற்றத்தில் ஆளும் வண்டியும் சாமானும் 95 கிலோ என்று வைத்தால், 11இல் ஏற, அந்த எடையை மேலே தூக்க மட்டுமே சுமார் 170 வாட் வேண்டும். பழக்கமில்லாத உடம்பு அதை வெகு நேரம் தராது. அதே ஏற்றத்தை 7 கி.மீ. வேகத்தில் ஏறினால் அந்தக் கணக்கு 110 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் அவ்வளவு மெதுவாகப் போக உங்கள் கியர் விடாது, நின்றுகொண்டு மிதிப்பீர்கள், முட்டி கேள்வி கேட்கும். முன் பல்சக்கரத்தை 32 பல்லாக மாற்றி, பின்னால் 34 பல் வரை உள்ள 7 அடுக்கு ப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) போட்டால் 60 சுற்றில் 7 கி.மீ. கிடைக்கும். பின்னால் செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் டிரெய்லியர் 34ஐத் தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், செயின் நீளத்தையும் சரி செய்ய வேண்டியிருக்கும். மாற்ற வசதி இல்லையா, ஏற்றத்தில் இறங்கித் தள்ளுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. பிரான்ஸில் பால் டி விவி என்று ஒருவர் இருந்தார், 1930இல் இறந்தவர், கியர் மாற்றும் வசதிக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர். சுற்றுலா சைக்கிள்காரர்களுக்கு அவர் சொன்ன விதிகளில் பசிக்கும் முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி என்பதோடு, பெருமைக்காக மிதிக்காதே என்பதும் உண்டு.

டயர் காற்று. பலர் கல்லு மாதிரி அடைத்துவிட்டு, கை மரத்துப் போகிறது என்று வருகிறார்கள். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியதே தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகத்தான். 35 மி.மீ. டயர், 70 கிலோ ஆள், கொஞ்சம் சாமான் என்றால் முன்னால் 45 பி.எஸ்.ஐ., பின்னால் 50, 55 அளவில் ஆரம்பித்துப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைக்கு உள்ளேயே இருக்கட்டும். மிகவும் குறைத்தால் குழியில் இடித்து டியூப் இரண்டு இடத்தில் கடிபடும்.

பஞ்சர் போட்டு ஒரு தடவை வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். டியூபைக் கழற்றியதும் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளைக் கண்டுபிடித்து எடுக்காமல் புது டியூப் போட்டால், அடுத்த கிலோமீட்டரில் அதே இடத்தில் போகும். ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, ஈரப் பளபளப்பு போகும் வரை பொறுத்து அப்புறம் ஒட்டைப் பதித்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. பையில் டியூப் இரண்டு, ஒட்டுப் பொருட்கள், நெம்புகோல், பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவி, சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர். இவ்வளவு போதும்.

சீட் உயரம் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். கிளம்பும் அன்று சீட்டையோ செருப்பையோ புதிதாக மாற்றாதீர்கள்.

வாய்க்கால்கரை எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நெடுந்தூரனுக்கும் நன்றி, சிவப்பு விளக்கு வாங்கிவிட்டேன்.

நேற்று இரவு தங்கையும் நானும் உட்கார்ந்து பாலங்களுக்கு வட்டம் போட்டோம். முன்பு போட்ட வழியில் பாதியை அழிக்க வேண்டியதாயிற்று. ஆனால் பழைய சாலைத் துண்டு ஒன்று பத்து கிலோமீட்டருக்கு நீளமாகக் கிடைத்தது, அதில் ஒரே ஒரு சமவுயரக் கோடுதான். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்று சந்தேகம் பாக்கி. ஒன்று, தங்கை என்னைவிட மெதுவாக ஓட்டுவாள், நான் முன்னால் போய்க் காத்திருக்கட்டுமா? இரண்டு, கிராமத்து நாய்கள். அவளுக்கு நாய் என்றால் பயம். மூன்று, இரண்டாம் நாள் ஆற்றைக் கடக்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று நெடுஞ்சாலைப் பாலம். இன்னொன்று 6 கி.மீ. கீழே ஒரு தரைப்பாலம், அங்கே போனால் வண்டியே இருக்காது என்று தெரிகிறது. எதை எடுப்பது?

சமவுயரக்கோடு எழுதியது:

பாலங்களிலிருந்து ஆரம்பித்தீர்கள் என்று படித்ததில் மிகவும் மகிழ்ச்சி.

தங்கை முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால். எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான், மனைவிதான் எப்போதும் முன்னால். வேகமாக ஓட்டுபவர் முன்னால் போய்க் காத்திருந்தால், அவர் ஓய்வெடுத்து முடித்த நேரத்தில்தான் மெதுவாக வருபவர் வந்து சேர்வார். வந்ததும் கிளம்பலாமா என்ற கேள்வி. அவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இரண்டாம் நாளே மனக்கசப்பு வந்துவிடும். மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போனால் வேகமும் அவருடையது, நிற்கும் இடமும் அவருடையது. அண்ணன் பின்னால் வருவதால் பின்னாலிருந்து வரும் வண்டிச் சத்தத்தை முதலில் கேட்டுச் சொல்லவும் முடியும். வயல்களின் ஓரத்தை ஒட்டிப் போட்ட சாலைகள் வரப்பு திரும்பும் இடத்தில் சட்டென்று திரும்பும், எதிரே வருவது தெரியாது. அந்த முக்குகளுக்கு முன்னால் மணி அடிக்கச் சொல்லுங்கள், அங்கே மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால், ரிம்மை அழுத்தும் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். சரளையில் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

நாய் பெரும்பாலும் தன் எல்லையைக் காக்கத்தான் ஓடி வருகிறது, வேகமாக ஓடும் பொருளைத் துரத்துவது அதன் இயல்பு. மிதிப்பதை நிறுத்தி இறங்குங்கள். உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கட்டும். முறைத்துப் பார்க்காமல், அதட்டலான ஆனால் அமைதியான குரலில் பேசிக்கொண்டே அதன் வீட்டு எல்லை தாண்டும் வரை தள்ளிக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். தங்கைக்குப் பயம் என்றால் நாய்ப் பக்கம் நீங்கள் வந்துவிடுங்கள். கல்லை எடுக்க வேண்டாம், ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது அவர்கள் வளர்க்கும் நாய். ஒருவேளை கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும். பயணம் அப்புறம்.

தரைப்பாலம். மழைக்காலம் இல்லை என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். 6 கி.மீ. கீழே போய் ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரையோரமாகவே மேலே வந்தால் 12 கி.மீ. கூடுதல் என்று கணக்கு வரும். அப்படித் திரும்பி வராமல், இரண்டாம் நாளில் தங்கும் ஊரையே தரைப்பாலத்துக்கு அக்கரையில் மாற்றிவிட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் கூடுதல் தூரம் பாதியாகக் குறையும், ஆற்றோரச் சாலையும் கிடைக்கும்.

முதல் நாள் மாலையே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள ஊரில் யாரிடமாவது தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறதா என்று கேட்டுவிடுங்கள். மேலே அணை இருக்கிற ஆறு என்றால், வெயில் காலத்திலும் தண்ணீர் திறந்துவிடுவார்கள். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். விளிம்பு அரித்துப் போயிருப்பது மேலிருந்து தெரியாது, பாசியும் வழுக்கும். அந்த நிலைமை வந்தால் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு விடிந்ததும், லாரி நெரிசல் தொடங்கும் முன் போங்கள். நடைபாதைத் திட்டு இருந்தால் அதன்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்து, இறங்கியதும் வரும் முதல் கிராமச் சாலையில் திரும்பிவிடுங்கள். அந்தத் திருப்பத்துக்கும் இப்போதே ஒரு எண் போட்டுத் தாளில் எழுதி வையுங்கள்.